ஷோகேஸில் வைத்த முகங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சமூக ஊடகத்தைத் தடை செய்வது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த தலையங்கத்தையும், அதையொட்டி வரும் வாசகர் கடிதங்களையும் தொடர்ந்து படித்து வருகிறேன். கடிதம் எழுதிய பெற்றோரும் ஆசிரியர்களும் ஏறத்தாழ எல்லோருமே நேரக் கணக்கைத்தான் பேசுகிறார்கள். பிள்ளை நாளுக்கு எத்தனை மணி நேரம் போனைப் பார்க்கிறது, இரவு எத்தனை மணிக்குத் தூங்குகிறது, மார்க் எவ்வளவு குறைந்தது என்பதே அவர்கள் கவலை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1988 முதல் பெங்களூரு அல்சூரில் போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறவன் என்ற முறையில், என் கடை ஸ்டூலில் வந்து உட்காரும் பிள்ளைகளிடம் நான் காண்பது வேறொரு சேதம். அவர்களில் பலருக்குத் தங்கள் முகமே பிடிக்காமல் போயிருக்கிறது. அதைப் பற்றியும், அதில் என் போன்ற பெரியவர்களின் கைவேலை எவ்வளவு என்பதைப் பற்றியும் எழுதவே இந்தக் கடிதம். நீளம் கூடிவிட்டது. இடம் போதாவிட்டால் நடுவில் வரும் ஆய்வுக் கணக்குகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் நீராட்டு விழா பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடந்த மே மாதம், பி.யூ.சி. (இங்கே பதினோராம் வகுப்பு) சேர்க்கைக்குப் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க ஒரு தாயும் மகளும் வந்தார்கள். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய பெண். எங்கள் தெருவிலேயே வளர்ந்தவள். கைக்குழந்தையாக இருந்தபோது அவளைக் குப்புறப் படுக்கவைத்து நானே படம் எடுத்திருக்கிறேன். முதல் படத்தைத் திரையில் காட்டியதும், "இது நான் இல்ல அங்கிள்" என்றாள். விளக்கைத் தள்ளி வைத்து, முகவாயைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லி, மறுபடி எடுத்தேன். இப்படியே ஏழு படம் ஆயிற்று. கடைசியில் தன் போனை நீட்டி, "இந்த மாதிரி வரணும்" என்று ஒரு படத்தைக் காட்டினாள். அதில் இருந்த பெண்ணுக்குக் கண்கள் அகன்றும், மூக்கு சீவிய பென்சில் போலவும், முகவாய் கூம்பியும், நிறம் நாலு படி வெளுத்தும் இருந்தன. இடது கன்னத்தில் பிறவியிலேயே இருந்த மச்சம் காணாமல் போயிருந்தது. பக்கத்தில் நின்ற தாய் மகளைக் கண்டிப்பார் என்று எதிர்பார்த்தேன். "காலேஜுக்குத்தானேண்ணா, கொஞ்சம் கலர் ஏத்திக் குடுத்துடுங்க" என்றார் அவர்.

நான் கலர் ஏற்றாமலே எட்டுப் பிரதிகள் போட்டுக் கொடுத்தேன். பேசாமல் பணத்தைக் கொடுத்து வாங்கிப் போனார்கள். அடுத்த தெருக் கடையில் வேறு படம் எடுத்துக்கொண்டதாக இரண்டு நாள் கழித்துத் தெரியவந்தது.

அந்த மச்சம்தான் என்னை விடாமல் உறுத்துகிறது. நான் படித்த திருப்பத்தூர்ப் பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் 'அங்க அடையாளங்கள்' என்று இடம் விட்டிருப்பார்கள். தலைமையாசிரியர் ஒவ்வொருவரையும் அருகே கூப்பிட்டு, கையையும் கழுத்தையும் திருப்பிப் பார்த்து, மச்சத்தையும் தழும்பையும் தன் கையாலேயே எழுதுவார். இன்னார் மகன் இன்னான் என்பதற்கு அதுவே சாட்சி. நான் தொழிலுக்கு வந்த புதிதில், குழந்தையைப் படம் எடுக்கத் தூக்கி வரும் தாய்மார்கள் மை டப்பியையும் கூடவே கொண்டுவருவார்கள். கன்னத்தில் காலணா அகலத்துக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்த பிறகே பிள்ளையைக் கேமரா முன் உட்காரவைப்பார்கள். படம் என்றால் நாலு பேர் கண்ணில் படும், கண் பட்டால் பிள்ளைக்கு ஆகாது என்ற பயம். அந்தப் பொட்டை அழித்துப் பிரிண்ட் போடச் சொன்ன ஒரு தாயையும் எனக்கு நினைவில்லை.

பிள்ளைகள் தங்கள் முகத்தில் குறையென்று காண்பதில் பெரும்பகுதி முகத்தில் இல்லை, லென்ஸில் இருக்கிறது. இதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். முகப்படம் எடுக்க நாங்கள் ஐந்தாறு அடி தள்ளி நின்று, சற்றே நீளமான லென்ஸைப் பயன்படுத்துவோம். போனின் முன்பக்கக் கேமராவில் இருப்பது அகலமான காட்சியைப் பிடிக்கும் லென்ஸ். அதைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்தால் கேமராவுக்கு மிக அருகில் இருக்கும் மூக்கு பெருத்து, தள்ளி இருக்கும் காதுகள் சிறுத்துத் தெரியும். 12 அங்குலத் தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கு, 5 அடியில் எடுத்த படத்தைவிடச் சுமார் 30 விழுக்காடு அகலமாகத் தெரிகிறது என்று 2018-இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டு வெளியிட்டார்கள். செல்ஃபியைக் காட்டி மூக்கைச் சின்னதாக்கித் தரச் சொல்லும் இளைஞர்கள் தங்களிடம் வருவதைக் கண்ட பிறகே அவர்கள் அந்தக் கணக்கைப் போட்டார்கள். இன்னொன்று, வாய் ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறது என்று பிள்ளைகள் சொல்வது. முகம் எல்லோருக்கும் இரண்டு பக்கமும் சமமாக இருப்பதில்லை. கண்ணாடியில் நாம் பார்த்துப் பழகியது இடவலம் மாறிய பிம்பம். செல்ஃபி எடுக்கும்போது திரையில் தெரிவதும் அதுதான். பிறர் எடுத்த படத்தில் அது நேராகிவிடும்போது ஏதோ கோணல் போலத் தோன்றும். 1977-இல் நடந்த ஒரு சோதனையில் பெண்களிடம் அவர்களது படத்தின் இரண்டு வடிவங்களையும் காட்டியபோது அவர்கள் பெரும்பாலும் கண்ணாடிப் பிம்பத்தையே விரும்பினார்கள். அவர்களுடைய தோழிகளும் காதலர்களும் நேர்ப்படத்தை விரும்பினார்கள். நம்மை நேசிப்பவர்களுக்குப் பழகிய முகம் ஒன்று, நமக்குப் பழகிய முகம் வேறொன்று. பதினைந்து வயதுப் பெண், இரவு பதினொரு மணிக்குப் போர்வைக்குள் தன் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கும்போது இதையெல்லாம் அவளுக்கு யார் சொல்வது?

இவ்வளவு நேரம் லென்ஸையும் பிள்ளைகளையும் பற்றிச் சொன்னேன். இனி என் பென்சிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1984-இல் சிவாஜி நகரில் ஒரு ஸ்டுடியோவில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது முதலாளி கற்றுக்கொடுத்த முதல் நுணுக்கம் டச்சிங். நெகட்டிவைப் பின்னால் ஒளி வரும் சாய்வுப் பலகையில் வைத்து, ஊசி போலச் சீவிய பென்சிலால் அம்மை வடுவின் மீதும் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தின் மீதும் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். நெகட்டிவில் பென்சில் ஏறிய இடம் பிரிண்டில் வெளுத்து வரும். ஒரு முகத்துக்கு அரை மணி நேரம் பிடிக்கும். பெண் பார்க்க வரும் வீட்டாருக்கு அனுப்பும் படமென்றால் டச்சிங்குக்குத் தனிக்காசு. "பொண்ணு மாநிறம்னு போட்டுருக்கோம், பாத்து செய்யுங்க" என்று தகப்பன்மார் சொல்லிவிட்டுப் போவார்கள். நானும் பார்த்துத்தான் செய்தேன். கறுத்த பெண்களை மாநிறமாகவும், மாநிறப் பெண்களைச் சிவப்பாகவும் எத்தனை ஆண்டுகள் மாற்றிக்கொண்டிருந்தேன் என்று கணக்கு வைக்கவில்லை. எங்களுக்கு வந்த கலர் பிலிமும் அப்படித்தான். கோடாக் நிறுவனம் தன் லேப்களுக்கு நிறத்தைச் சரிபார்க்க அனுப்பிய மாதிரி அட்டையில் பல்லாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் படமே இருந்தது. அந்தத் தோலுக்குச் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கொண்டார்கள். 1975-இல் இந்தியக் கடைகளுக்கு வந்த சிவப்பழகுக் களிம்பு தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லைக் கைவிட 2020 வரை ஆயிற்று. அதற்குள் போனுக்குள் இருந்த ஃபில்டர் அந்த வேலையைக் காசு வாங்காமல் எடுத்துக்கொண்டது. ஆகவே அந்தத் தாய் என்னிடம் கலர் ஏற்றித் தரச் சொன்னதில் எனக்கு வியப்பில்லை. அவருடைய கல்யாணப் படத்துக்குக் கலர் ஏற்றியவன் நான்தான்.

பிறகு இப்போது புதிதாக என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். அப்போது டச்சிங் ஆயுளில் ஒரு முறை, இரண்டு முறை நடந்தது; கல்யாணம் முடிந்ததும் படம் ஆல்பத்துக்குள் போய்விடும், முகம் முகமாகவே இருக்கும். இப்போது ஒரு பெண் காலையில் சீருடை போட்டதும் ஒன்று, வேனில் ஒன்று, டியூஷனில் ஒன்று என்று எடுக்கிறாள். ஒவ்வொன்றும் திருத்தப்பட்டு வெளியே போகிறது. ஒவ்வொன்றுக்கும் கீழே, எத்தனை பேர் லைக் போட்டார்கள் என்று ஓர் எண் விழுகிறது. இன்ஸ்டாகிராம் 2010 அக்டோபரில் வந்தபோதே படத்துக்குக் கீழே அந்த எண் இருந்தது. அது பிள்ளைகளை என்ன செய்கிறது என்பதை நடத்துகிறவர்களும் அறியாமல் இல்லை. 2019-இல் சில நாடுகளில் அந்த எண்ணை மறைத்துப் பார்த்தார்கள். 2021-இல், வேண்டுவோர் மறைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். எங்கள் பகுதிப் பிள்ளைகளில் அதை மறைத்து வைத்திருக்கும் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. வகுப்பில் எல்லோருடைய மார்க்கும் பலகையில் இருக்கும்போது தன்னுடையதை மட்டும் மூடி வைப்பவன் தோற்றவன் என்றுதானே நினைப்பார்கள்!

எண் குறைந்தால் படத்தையே எடுத்துவிடுகிறார்கள். பையன்களும் இதற்கு விலக்கில்லை. ஜிம்முக்குப் போய் நான்கு மாதத்தில் தாடை எலும்பு தெரிய வேண்டும் என்று கண்ணாடி முன்னால் பல்லைக் கடித்து நிற்கும் பதினேழு வயதுப் பையனை எனக்குத் தெரியும். ஒரு மணி நேரத்துக்குள் ஐம்பது லைக் வராத படத்தை அழித்துவிடுவதாக அவனே சொன்னான்.

இது ஒரு ஸ்டுடியோக்காரரின் புலம்பல் என்று தள்ளிவிட முடியாதபடி சில விவரங்கள் வெளியே வந்திருக்கின்றன. 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ், இன்ஸ்டாகிராமை நடத்தும் ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணங்களை வெளியிட்டது. தங்கள் உடலைப் பற்றி ஏற்கெனவே மனம் குன்றியிருந்த பதின்பருவப் பெண்களில் 32 விழுக்காட்டினர், இன்ஸ்டாகிராம் அதை மேலும் மோசமாக்கியதாகச் சொன்னார்கள் என்று நிறுவனத்தின் சொந்த ஆய்வே பதிவு செய்திருந்தது. ஆவணங்களை வெளிக்கொணர்ந்த முன்னாள் ஊழியர் பிரான்சஸ் ஹாகன், அடுத்த மாதம் அமெரிக்க செனட் குழு முன்னர் சாட்சியம் அளித்தார். நிறுவனம், ஆய்வு சிறியது என்றும், தனிமை, கவலை, சோகம் போன்ற வேறு பல விஷயங்களில் அதே பெண்கள் இன்ஸ்டாகிராம் உதவியதாகவே சொன்னார்கள் என்றும் பதில் கூறியது. அந்தப் பதிலை நான் பொய்யென்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் பட்டியலிட்ட 12 விஷயங்களில் அவர்களாலேயே சமாளிக்க முடியாமல் போன ஒன்று உடல்தோற்றம் பற்றியதுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். 2023 மே மாதம் அமெரிக்காவின் அப்போதைய தலைமை மருத்துவ அதிகாரி விவேக் மூர்த்தி வெளியிட்ட அறிவுரையிலும், 13 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 46 விழுக்காட்டினர் சமூக ஊடகத்தால் தங்கள் தோற்றத்தைப் பற்றி மோசமாக உணர்வதாகக் கூறியது குறிக்கப்பட்டிருக்கிறது. மூர்த்தியின் பூர்வீகம் நம் பக்கத்து மண்டியா மாவட்டம்.

எதிர்த்தரப்பையும் மறைக்கக் கூடாது. 2019-இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் ஏமி ஆர்பனும் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட பதின்பருவத்தினரின் தரவுகளை அலசி, மின்திரைப் பயன்பாட்டுக்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பு மிகச் சிறியது, மனநலம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் அதன் பங்கு அரை விழுக்காட்டையும் எட்டாது என்றார்கள். உருளைக்கிழங்கு தின்பதற்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்போடு அதை ஒப்பிட்டதால் ஊரெல்லாம் பேச்சானது. அவர்கள் அளந்தது மொத்தத் திரை நேரத்தை. வீட்டுப்பாடம் பார்க்கும் மணியும், பாட்டுக் கேட்கும் மணியும், தன் மூக்கைப் பெரிதாக்கிப் பார்க்கும் மணியும் அந்தக் கணக்கில் ஒன்றாகவே விழுகின்றன. எங்கள் தெருவில் ஆரி வேலை செய்து இன்ஸ்டாகிராம் வழியாகவே ஜாக்கெட் ஆர்டர் பிடிக்கும் கல்லூரி மாணவி ஒருத்தி இருக்கிறாள்; நாளெல்லாம் போனில்தான் இருக்கிறாள், எந்தக் குறையும் இல்லை. அவள் போடும் படங்களில் துணியும் ஊசியும் அவளுடைய விரல்களும்தான் இருக்கும். முகம் இருக்காது.

இனி, விட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட பகுதி.

என் கடை வாசலில் கண்ணாடி போட்ட ஒரு ஷோகேஸ் உண்டு. நல்லதாக அமைந்த படங்களைப் பெரிதாக்கி அதில் வைப்பது எல்லா ஸ்டுடியோக்களின் வழக்கம். 1994 வாக்கில் ஒரு பெண்ணின் படத்தை, தாவணி போட்டுப் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்த படம், யாரையும் கேட்காமல் அதில் வைத்துவிட்டேன். அவள் தகப்பனார் மறுநாளே வந்துவிட்டார். "எம் பொண்ணு என்ன உன் கடைக்கு போர்டா? ரோட்டுல போறவன் வர்றவன் எல்லாம் நின்னு பாக்குறான்" என்று அவர் போட்ட சத்தத்தில் சோமேஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டு, படத்தோடு நெகட்டிவையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பினேன். அன்று அவர் அளவுக்கு மீறிப் பேசியதாகவே வெகுநாள் நினைத்திருந்தேன்.

2022-இல் எங்கள் பகுதி மண்டபம் ஒன்றில் மஞ்சள் நீராட்டு விழா. பெண்ணுக்கு 13 வயது. நானும் என் உதவியாளரும் படமும் வீடியோவும் எடுத்தோம். விழா முடிந்ததும் பெண்ணின் தந்தை, "ரீல்ஸ் மாதிரி ஒண்ணு பண்ணி உங்க பேஜ்லயே போட்டுருங்கண்ணா, நாலு பேரு பாப்பாங்க" என்றார். எனக்கும் கடைக்கு விளம்பரம் ஆயிற்றே என்ற ஆசை. அத்தைமார்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது, பெண் தலை குனிவது, மாலையோடு நிமிர்வது என்று 40 விநாடிக்கு வெட்டி, சினிமாப் பாட்டுச் சேர்த்துப் போட்டோம். ஒரு வாரத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் பார்த்தார்கள். அதைப் பார்த்துவிட்டு இரண்டு வீட்டார் விழாவுக்கு முன்பதிவு செய்தார்கள். நான் பூரித்துப் போனேன்.

அடுத்த மாதம் அந்தப் பெண்ணின் தாய் வந்தார். சத்தம் போடவில்லை. "அத எடுத்துருங்கண்ணா" என்று மட்டும் சொன்னார். வகுப்புப் பையன்கள் அந்த வீடியோவைப் போனுக்குப் போன் அனுப்பியிருக்கிறார்கள். தலை குனிந்த அந்த ஒரு காட்சியை நிறுத்தி, அவள் முகத்தை வெட்டி வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கி, அவள் எது பேசினாலும் வகுப்புக் குழுவில் அதைப் போட்டிருக்கிறார்கள். கரும்பலகையில் யாரோ அந்தப் பாட்டின் முதல் அடியை எழுதி வைத்திருக்கிறார்கள். ஒன்பது நாளாகப் பெண் பள்ளிக்கூடம் போகவில்லை. அந்த நிமிடமே நான் வீடியோவை நீக்கினேன். ஸ்டிக்கரை என்னால் நீக்க முடியாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பெண் கூடவே வந்திருந்தாள், கடைக்குள் வரவில்லை. வெளியே ஆட்டோவில் துப்பட்டாவை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வாசலுக்கு வந்தபோது ஷோகேஸ் இருந்த பக்கம்கூடத் திரும்பாமல் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் தந்தை போடச் சொன்னார், நான் போட்டேன். அவளை யாரும் கேட்கவில்லை.

இதனால்தான் தலையங்கத்தில் தாங்கள் வரவேற்றிருக்கும் சட்டங்களைப் பற்றி எனக்குப் பாதி நிம்மதிதான் உண்டாகிறது. ஆஸ்திரேலியா 2024-இல் சட்டம் இயற்றி, 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் பொறுப்பை நிறுவனங்களின் தலையில் வைத்திருக்கிறது. நம் கர்நாடக உயர் நீதிமன்றமும் 2023 செப்டம்பரில், பள்ளிப் பிள்ளைகள் சமூக ஊடகத்துக்கு அடிமையாகிவிட்டார்கள், வயது வரம்பு கொண்டுவந்தால் நல்லது என்று வாய்மொழியாகக் குறிப்பிட்டது. 2023-ஆம் ஆண்டின் இந்திய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே கொண்டு, அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்றும், அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணித்து விளம்பரம் காட்டக் கூடாது என்றும் சொல்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, முக்கியமான கடமைகளுக்கு ஒன்றரை ஆண்டு அவகாசம் தரப்பட்டிருக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அது பெற்றோரைக் காவல்காரராக நிறுத்துகிறது. ஷோகேஸின் சாவி அவர்கள் கையிலேயே இருக்கும்போது என்ன செய்வது? தனி மனிதர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகக் கையாளும் தரவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதிலேயே விலக்கும் இருக்கிறது. பிள்ளை குளிப்பதையும், அழுவதையும், பரீட்சையில் தோற்று உட்கார்ந்திருப்பதையும் தன் பக்கத்தில் போடும் தகப்பன், நான் வீட்டு உபயோகத்துக்காகத்தான் போட்டேன் என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்கு யாரிடம் போய் முறையிட இடம் இருக்கிறது?

நிறுவனங்களுக்கு இதில் பொறுப்பில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2025 பிப்ரவரியில் இன்ஸ்டாகிராம் இந்தியாவிலும் பதின்பருவக் கணக்குகளைக் கொண்டுவந்து, அவற்றைப் பூட்டிய கணக்காக வைப்பதையும், இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை அறிவிப்புகளை அடக்கி வைப்பதையும் இயல்பு நிலையாக்கியது. வயதைக் கூட்டிப் போட்டால் இவை எல்லாம் போய்விடும் என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். வெளியார் செய்துகொடுத்த முக ஃபில்டர்களையும் 2025 ஜனவரியில் நீக்கினார்கள். பிள்ளைகள் வேறு செயலியில் முகத்தை மாற்றிக்கொண்டு வந்து போடுகிறார்கள். நார்வேயில் 2022 ஜூலை முதல், விளம்பரப் படத்தில் உடலையோ தோலையோ திருத்தியிருந்தால் அதை அறிவிக்கும் முத்திரையைப் படத்திலேயே இட வேண்டும். இங்கே அப்படி ஒரு சட்டம் வந்தால் முதலில் மாட்டுபவன் நானாகத்தான் இருப்பேன்; இருந்தாலும் வர வேண்டும். 18 வயதுக்குட்பட்டோர் கணக்கில் லைக் எண், யாரும் கேட்காமலே மறைந்திருக்க வேண்டும். இவ்வளவும் அரசும் நிறுவனங்களும் செய்ய வேண்டியவை.

நாம் செய்ய வேண்டியவற்றுக்குச் சட்டம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. 2022-க்குப் பிறகு என் கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். 18 வயதுக்குக் கீழே உள்ளவர் படத்தை எங்கள் பக்கத்தில் போடுவதென்றால், பெற்றோர் சொன்னால் போதாது. பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, படத்தைக் காட்டி, போடலாமா என்று கேட்பேன். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் வேண்டாம் என்கிறார்கள். அம்மா பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் அதே பிள்ளைகள் சரி என்கிறார்கள். இதனால் சில விழா ஆர்டர்கள் வேறு ஸ்டுடியோவுக்குப் போயிருக்கின்றன, போகட்டும். பள்ளிக்கூடங்களும் இதை யோசிக்க வேண்டும். ஆண்டு விழா, விளையாட்டு விழா, மாறுவேடப் போட்டி என்று பள்ளியின் பக்கத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் முகங்களைப் பெயரும் வகுப்பும் சேர்த்துப் போடுகிறார்கள். மாணவர்கள் போன் கொண்டுவரக் கூடாது என்ற சுற்றறிக்கையும் அதே பக்கத்தில்தான் வருகிறது. தடை கேட்கும் வாசகர்களில் எத்தனை பேர் தங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பிள்ளையின் படத்தை வைத்துக்கொண்டு அந்தக் கடிதத்தை எழுதினார்கள் என்றும் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. கோபித்துக்கொள்ள வேண்டாம். நானும் வைத்திருந்தவன்தான்.

மனம் உடைந்து, சாப்பாட்டைக் குறைத்து, அறைக்குள் அடைந்துவிட்ட பிள்ளை வீட்டில் இருந்தால் போனைப் பிடுங்கி வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று இருந்துவிடக் கூடாது. பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் தொழில்நுட்பப் பயன்பாட்டுச் சிக்கல்களுக்கென்றே 2014 முதல் 'ஷட்' என்ற பிரிவு இயங்குகிறது. நேரில் போகத் தயங்குகிறவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்குக் கட்டணமின்றி அழைத்துப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அல்சூர், மர்பி டவுன், காக்ஸ் டவுன், சிவாஜி நகர் பகுதிகளில் உள்ள பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் இதைப் படித்தால், எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு எனக்கு ஒரு பாடவேளை கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். புத்திமதி சொல்ல மாட்டேன். ஒரு கேமரா, ஒரு போன், ஓர் அளவு நாடா, பழைய நெகட்டிவ் இரண்டு, ஒரு பென்சில் கொண்டுவருவேன். முன்வரும் ஒரு பிள்ளையைக் கை நீட்டும் தூரத்தில் ஒரு படமும் ஆறடியில் ஒரு படமும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன்; ஒரே மூக்கு இரண்டு மூக்காகத் தெரிவதை அவர்களே அளந்து பார்க்கட்டும். நெகட்டிவில் அவர்களே பென்சில் புள்ளி வைத்துப் பார்க்கட்டும். மணி அடித்ததும், எடுத்த படங்களை அந்தப் பிள்ளையின் கையாலேயே அழிக்கச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். ஞாயிறு தவிர எல்லா நாளும் காலை பத்து மணிக்குக் கடை திறந்திருக்கும். என் முகவரியும் தொலைபேசி எண்ணும் தங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். பள்ளிகள் கேட்டால் தரலாம்.

இதில் குறிப்பிட்டிருக்கும் பிள்ளைகள் அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதால் என் பெயரையும் கடையின் பெயரையும் வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஸ்டுடியோக்காரர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு.